ஓத்மார் ரெக்கரின் ஈரத்துண்டு

எங்கள் பேஸ்பால் அணியின் நினைவுமலரில் ஓத்மார் ரெக்கருக்கு நான்கு வரி போதும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. பிறந்த வருடம், இறந்த வருடம், அணிக்கு எத்தனை ஆண்டு உழைத்தார், அவ்வளவுதான். கார்னி பெக்மனுக்கு இரண்டு பக்கம். அலோய்ஸ் ஹெய்டுக்கு மூன்று. ஆர்வில் டாக்கெட்டுக்கு முழுப் பக்கப் படம். நான் இருபத்தேழு வருடம் நியூ ஃபுல்டா மைதானத்தில் டிக்கெட் கொடுத்தவள். அணியின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன், அழகாக, யாருக்கும் நோகாமல். அது அச்சுக்குப் போய்விட்டது. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அணிக்கு டர்னர்ஸ் என்று பெயர். கடைசல்காரர்கள் என்று அர்த்தம். இண்டியானாவின் இந்தத் தெற்குக் கோடியில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் நாற்காலிக் கால் கடையத்தான் போவான். 1904இல் நாற்காலித் தொழிற்சாலை முதலாளி இந்த அணியை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொழிலாளிகள் குடிக்கப் போகாமல் பேஸ்பால் பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அவர்கள் குடித்துக்கொண்டே பேஸ்பால் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு கோப்பை, 1922இல். சம்பளத்துக்கு ஆடுகிற அணிகளில் எங்களைவிடக் கீழே இருந்தவை ரொம்பக் கொஞ்சம்.

அதிலும் மூன்று பேர் சோபித்தார்கள். கார்னி பெக்மன் பதினோரு நாள் பெரிய லீக்கில் இருந்தான். ஒரே ஒரு தடவை மட்டை பிடித்தான், அவுட் ஆனான், திரும்பி வந்தான். அதை நாற்பது வருடம் சொன்னான். சொல்லச் சொல்ல அந்தப் பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போய் விழுந்தது. அலோய்ஸ் ஹெய்ட் 1931இல் இருபத்தேழு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பந்துவீச்சாளன். மூன்றாவது ஆர்வில். அவன் 1949 ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஆடிய ஆட்டத்தைத்தான் ஊர் இன்றுவரை பேசுகிறது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் செத்துப்போனான். ஓத்மார் நினைத்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு விருப்பம் இல்லை.

ஓத்மார் 1922 அணியில் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற வேலை. பத்து வருடத்தில் பத்து விரலும் ஒரு தடவையாவது ஒடிந்தன. கைகள் இஞ்சிக்கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஆட முடியாமல் போனதும் 1931இல் அவரை ஆட்டக்காரர்களின் உடம்பைக் கவனிக்கிற ஆளாக வைத்துக்கொண்டார்கள். குதிரை வைத்தியர் ஒருவரிடம் தைலம் காய்ச்சக் கற்றுக்கொண்டார். தோள் பிடித்துவிடுவார், கணுக்காலுக்குக் கட்டுப்போடுவார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். அப்படிப்பட்டவரை எல்லா அணியிலும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவரையும் கூப்பிட்டார்கள்.

வெயில் காலத்தில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் துளி அம்மோனியா கலந்து வைத்திருப்பார். இன்னிங்ஸ் முடிந்து பந்துவீச்சாளன் வந்து உட்கார்ந்ததும் அதில் நனைத்த துண்டைப் பிடரியில் போடுவார். ஒரே ஒரு மடக்கு தண்ணீர் கொடுப்பார். அதற்கு மேல் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினோம். பந்துவீச்சாளன் தானாக எழுந்துபோய் தண்ணீர் குடிக்கக் கூடாது. டாக்டர் கொடுப்பதுதான்.

இன்னொன்றையும் நம்பினோம். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பேர் அவுட், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்; அத்தனையிலும் எதிரணியை ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேருகிற ஓர் அடிகூட, அடிக்கவிடாமல் ஒருவன் பந்துவீசி முடித்தால் அது நோ-ஹிட்டர். மகா கெட்டிக்காரர்களுக்கே வாழ்நாளில் வாய்க்காதது. ஐந்து இன்னிங்ஸ் அப்படிப் போய்விட்டால் டக்அவுட்டில், அதாவது ஆட்டக்காரர்கள் உட்காரும் அந்தப் பள்ளக் கொட்டகையில், எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அவனோடு பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது, தொடக் கூடாது. பெஞ்சின் ஒரு கோடியில் அம்மை கண்டவன் மாதிரி அவன் தனியாக உட்கார்ந்திருப்பான். பேசினால் கண்பட்டுப் போகும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் பூசைக்குத் தவறாமல் போகிறவள், இதையும் சேர்த்துத்தான் நம்பினேன்.

1931 ஜூலையில் அலோய்ஸ் ஹெய்ட் ஏழு இன்னிங்ஸ் அப்படி வீசிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஓத்மார் அந்த வேலைக்கு வந்து மூன்று மாதம். கட்டுப்பாடு தெரியாதவர் அல்ல. ஆனால் களைத்த தோளைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிற மனிதர். போனார், துண்டைப் பிடரியில் போட்டார், "தோள் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். மூன்றே மூன்று சொல். ஹெய்ட் அவரை முறைத்துவிட்டு எழுந்து போனான். எட்டாவது இன்னிங்ஸில் முதலில் வந்தவன் பந்தை வலது மூலைக்கு அடித்து முதல் பேஸில் போய் நின்றான், நோ-ஹிட்டர் போயிற்று.

ஊர் அவரை விடவில்லை. முடிவெட்டுகிற க்ளெம் அவரை உட்காரவைக்காமல் இரண்டு மாதம் திருப்பி அனுப்பினான். மதுக்கடையில் அவர் தலையைக் கண்டதும் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு வாரம் தினமும் காலையில் வீட்டு வாசற்கதவில் யாரோ ஈரத்துண்டைத் தொங்கவிட்டுப் போனார்கள். அவர் மனைவி ஃப்ரீடா அதையெல்லாம் துவைத்து அடுக்களைக்கு வைத்துக்கொண்டாள். "ஏழு துண்டு சும்மா கெடச்சுது. இன்னும் ஒரு வாரம் திட்டச் சொல்லுங்க, திரைச்சீலைக்கு ஆகும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஓத்மார் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் கழித்தும் அவர் மதுக்கடையில் வாய் திறந்தால் யாராவது ஒருவன், "டாக்டரே, பேசாதீங்க, பீர் புளிச்சுடும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் வாயை மூடிக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக, பேசாத மனிதர் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது.

ஆர்வில் டாக்கெட் 1949 வசந்தத்தில் வந்தான். கென்டக்கி நிலக்கரி மலைக்காரன், இருபத்துமூன்று வயது, இடது கை. எங்கள் ஜெர்மன் ஊரில் அவனுடைய இழுவைப் பேச்சைக் கேட்டாலே பெண்கள் சிரிப்பார்கள். வாய் ஓயாது. பந்துவீசும்போதுகூடப் பேசுவான், பந்தோடு பேசுவான், அம்பயரோடு பேசுவான். டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றுகொண்டு, "மிஸ் ரோஸினா, நான் பொறக்கறப்பவே மருத்துவச்சிகிட்ட பேச்சுக் குடுத்தேனாம், எங்கம்மா சொல்லும்" என்பான். பேசாத ஓத்மாரும் பேசி மாளாத இவனும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. ஓத்மார் தோள் பிடித்துவிட, இவன் ஊரில் இருக்கும் மனைவி ஓப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான். செப்டம்பரில் ஆட்டக்காலம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவான், சுரங்கத்துக்குள் இனி இறங்கமாட்டான், அதுதான் அவன் திட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிழலிலேயே நூற்றிரண்டு டிகிரி. காற்று அசையவில்லை. ஆட்டக்காரர்களுக்கோ கம்பளிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை. ஆட்டம் இரண்டரை மணிக்கு. உள்ளே போகும்போது ஆர்வில் என் ஜன்னலில் தலையை நுழைத்தான்.

"மிஸ் ரோஸினா, இந்த வெயில்ல காசு குடுத்து வர்றாங்களே, இவங்களுக்குப் பைத்தியமா?"

"உன்னப் பாக்கத்தான்டா வர்றாங்க."

"அப்ப பைத்தியம்தான்" என்றான். பின்னால் வாளியோடு வந்த ஓத்மார் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "மூச்ச வீணாக்காத. வாய மூடிட்டு நட."

"டாக்டரே, நான் வாய மூடினா அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். ஞாபகம் வெச்சுக்கங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான்.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு, வழக்கம்போல எங்கள் டக்அவுட்டின் மேலே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கவாட்டில் சாய்ந்தால் உள்ளே இருப்பவர்களின் முழங்கால் வரைக்கும் தெரியும், குரல் நன்றாகக் கேட்கும். எதிரணிக்கு அதுவரை ஒரு ஹிட்கூட இல்லை. ஐந்தாவதும் அப்படியே முடிந்தது. ஆர்வில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். ஓத்மாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போனார்.

"என்னப்பா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" ஆர்வில் கேட்டான்.

யாரும் வாய் திறக்கவில்லை.

"சரி சரி, புரியுது" என்று சிரித்தான். "நானே எனக்குப் பேசிக்கறேன்."

ஆறாவது இன்னிங்ஸில் அவன் பந்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. ஏழாவதில் கேட்கவில்லை. அவனுக்கே நிலைமையின் கனம் தெரிந்துவிட்டது, பாவம், என்று என் பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்தார். ஏழாவது முடிந்ததும் ஆர்வில் பந்துவீசுகிற மேட்டிலிருந்து இறங்கி நேராக எதிரணியின் டக்அவுட்டை நோக்கி நடந்தான். கேட்சர் ஹியூபர்ட் ஓடிப்போய், தொடாமல், பேசாமல், அவன் முன்னால் நின்று இந்தப் பக்கம் கையைக் காட்டினான். மைதானமே சிரித்தது. ஆயிரத்து எண்ணூறு பேர் சிரித்தோம். பயல் நடுங்குகிறான் என்று நினைத்தோம்.

எட்டாவது போயிற்று. ஒன்பதாவதில் இரண்டு பேரை நான்கு நான்கு தப்புப் பந்து வீசி முதல் பேஸுக்கு நடக்கவிட்டான். அது ஹிட் ஆகாது, பரவாயில்லை. ஒருவன் அவுட். இன்னொருவன் அவுட். கடைசி ஆள் தரையோடு உருட்டி அடித்தான், பந்து நேராக இரண்டாவது பேஸ்காரன் கைக்குப் போயிற்று. முடிந்தது. எங்கள் நாற்பத்தைந்து வருட வரலாற்றில் முதல் நோ-ஹிட்டர். முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தொப்பிகள் மைதானத்துக்குள் பறந்தன. ஆர்வில் மட்டும் மேட்டிலேயே நின்று, பந்தைத் திருப்பிப் போடு என்று கையுறையை நீட்டிக்கொண்டிருந்தான். ஹியூபர்ட் ஓடிப்போய் அவனைத் தூக்கினான். தூக்கியவன் உடனே கீழே விட்டான்.

"கொதிக்குதுடா! டாக்டரே, இவன் ஒடம்பு கொதிக்குது!"

நான் படியிறங்கி உடைமாற்றும் அறைக்கு ஓடினேன். பெண்கள் அங்கே போகக் கூடாது, யாரும் தடுக்கவில்லை. அவனை மேசையில் கிடத்தி, பீர் கடையிலிருந்த ஐஸை எல்லாம் கொண்டுவந்து மேலே கொட்டியிருந்தார்கள். தோல் சிவந்து, வறண்டு, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த வெயிலில், அந்தக் கம்பளியில், ஒரு சொட்டு இல்லை. ஓத்மார் துண்டுமேல் துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆர்வில் கண்ணைத் திறந்தான்.

"எத்தனாவது இன்னிங்ஸ்?" என்றான்.

"முடிஞ்சுதுடா கண்ணா. ஜெயிச்சாச்சு. ஒரு ஹிட்டு இல்ல. நீ முடிச்சுட்ட." ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு ஓத்மார் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

அவனுக்கு அது ஏறவில்லை. மேசையில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தான். "விடுங்க, நான் போகணும். எத்தனாவது இன்னிங்ஸ்? யாராவது சொல்லுங்களேன். ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?" நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். வெளியே ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இருபது மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்குத் தொழிற்சாலையின் நாற்காலி ஏற்றுகிற லாரியில்தான் கொண்டுபோனார்கள். வழி முழுக்க இதையேதான் கேட்டான் என்று ஹியூபர்ட் பிறகு சொன்னான். ஏழு மணிக்கு நின்றுவிட்டது.

அதற்குப் பின் நடந்ததைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அடுத்த சனிக்கிழமை ஓத்மார் மதுக்கடைக்குள் நுழைந்தபோது பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக எல்லாரும் எழுந்து நின்றார்கள். "இந்தத் தடவ சரியா நடந்துகிட்டீங்க, டாக்டரே" என்று ஒருவன் தோளில் தட்டினான். "வாய மூடிட்டு இருந்தீங்க பாருங்க, அதான் ஊருக்கே பெரும" என்றான் இன்னொருவன். கோப்பை கோப்பையாக அவர் முன்னால் வைத்தார்கள். அவர் ஒன்றைக்கூடத் தொடாமல் எழுந்து போனார் என்று க்ளெம் வியந்து வியந்து சொன்னான். துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். பாராட்டித்தான் அவரைக் கொன்றார்கள் என்று நான் சொல்லுவேன்.

பத்து நாள் கழித்து ஓப்பல் வந்தாள். பேருந்தில், இரவல் வாங்கிய கறுப்பு உடையில். தோள் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அணி நிர்வாகத்தின் தலைவர் பவுல் எக்கர்ட், கடைசியில் உருண்டு வந்த அந்தப் பந்தை வால்நட் கட்டையில் கடைந்த பீடத்தில் பதித்து, பெயர் பொறித்து வைத்திருந்தார். மேடை போட்டு, ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, அவளிடம் கொடுக்கப் போனார். அவள் கையை நீட்டவில்லை. வரிசையின் கோடியில் நின்றவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் டாக்டரா?"

"பேருக்குத்தாம்மா" என்றார் ஓத்மார்.

"லெட்டர்ல எழுதுவாரு. வெயில்ல டாக்டர் துண்டு போட்டா உசிரு திரும்பி வரும்னு எழுதுவாரு. அன்னைக்கு ஏன் போடல?"

எக்கர்ட் இடையில் புகுந்தார். "அம்மா, இந்த ஆட்டத்துல சில மொறைங்க இருக்கு. வெளிய இருக்கறவங்களுக்கு அது..."

"நான் இவரக் கேட்டேன்."

ஆட்டக்காரர்கள் எல்லாரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓத்மார் தொப்பியைக் கழற்றினார். "போட்டிருந்தா அவனுக்குக் கோபம் வந்திருக்கும்மா. ஆட்டம் கெட்டுப்போயிருந்தா ஜென்மத்துக்கும் என்னோட பேசியிருக்க மாட்டான்."

"ஆமா" என்றாள் ஓப்பல். "கோபப்பட்டிருப்பாரு. கோபத்தோட வீட்டுக்கு வந்திருப்பாரு."

அவ்வளவுதான் பேசினாள். அழவுமில்லை. பந்தை வாங்காமலே பேருந்துக்குப் போய்விட்டாள். அது இப்போது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அந்தக் குளிர்காலம் ஓத்மார் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். ஃப்ரீடாவிடமும் சொல்லாததை என் அடுக்களை மேசையில் உட்கார்ந்து சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் அன்று டக்அவுட்டின் மேலே உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியும், அதனால் இருக்கலாம்.

"ஏழாவது முடிஞ்சு வந்தான்ல, அப்ப சட்ட காஞ்சு கெடந்துச்சு ரோஸினா. அஞ்சாவது வரைக்கும் புழிஞ்சா வாளி நெறையும். ஏழாவதுல காஞ்சு போச்சு. நான் பாத்தேன். குதிரைக்கு அப்படி வேர்வ நின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எட்டாவது முடிஞ்சு கைய நீட்டினான். பேசல. வாளியப் பாத்துக் கைய நீட்டினான். நான் துண்ட நனச்சு எடுத்துட்டேன். எந்திரிச்சுட்டேன். குங்கலப் பாத்தேன்." லெஸ்டர் குங்கல்தான் அப்போது மேனேஜர். "குங்கல் தலைய ஆட்டினான், வேணாம்னு. வாசல்ல தொங்கின துண்டுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. திருப்பி வாளில போட்டுட்டேன். அவன் ரொம்ப நேரம் கைய நீட்டிட்டே இருந்தான். அப்பறம் மடியில வெச்சுக்கிட்டான்."

"உங்க மேல தப்பில்ல" என்றேன். எல்லாரும் சொல்கிறதை நானும் சொன்னேன்.

"ஏழாவது முடிஞ்சப்ப, அவுட்டாக்க ஆறு பேரு பாக்கி. அதுதான் என் மனசுல ஓடுச்சு. இன்னும் மூணே மூணு பேருன்னு எண்ணினேன் கடைசில. அவன் சாகறான், நான் எண்ணிட்டிருக்கேன்." மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இன்னொரு தடவ அப்படி வந்தா நான் போவேன். ஊரே வந்து கதவுல தொங்கினாலும் போவேன். நீ பாத்துக்க." பார்க்கிறேன் என்று சொன்னேன். காப்பி ஆறிக் கிடந்தது, குடிக்காமல் போய்விட்டார்.

அவர் அணியில் அதற்குப் பிறகு ஆறு மாதம்தான் இருந்தார். வேலையைவிட்டு நீக்கினார்கள். பத்தொன்பது வருடம் தொழிற்சாலையில் வார்னிஷ் அறையில் வேலை பார்த்தார், நுரையீரல் கெட்டது, போன மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. ஃப்ரீடா முன்பே போய்விட்டாள். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். ஏன் நீக்கினார்கள் என்பதை நினைவுமலர் சொல்லாது. எழுதிக் கொடுத்தவள் நான்தான், நான் எழுதவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

1950 ஜூன். நார்பர்ட் லேங் எங்கள் ஊர்ப் பையன், அலட்டாத, அமைதியான பிள்ளை என்று சொல்ல ஆசைதான், ஆனால் மகா அலட்டல் பேர்வழி. அன்று மட்டும் அவன் அடக்கமாக இருந்தான். ஏழு இன்னிங்ஸ் முடிந்துவிட்டது, எதிரணிக்கு ஒரு ஹிட் இல்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், ஜில்லென்று காற்று. நான் சால்வை போர்த்தியிருந்தேன். நார்பர்ட் வந்து பெஞ்சுக் கோடியில் உட்கார்ந்தான். எல்லாரும் தள்ளிப் போனார்கள். டக்அவுட் அடங்கியது.

அப்போது ஓத்மார் எழுந்தார். துண்டை நனைத்தார். பெஞ்சின் நீளம் முழுக்க நடந்து போய் நார்பர்ட்டுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். துண்டை அவன் பிடரியில் போட்டார்.

"டாக்டரே, தள்ளிப் போங்க" என்றான் நார்பர்ட், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க கால்ல வேணா விழறேன். போயிடுங்க."

"நீ இன்னும் ஒரு ஹிட்டும் குடுக்கல" என்றார் ஓத்மார். மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் கேட்கிற குரல். பத்தொன்பது வருடத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நோ-ஹிட்டர். தெரியுதா? இப்பச் சொல்லு. எங்கயாவது வலிக்குதா? தல சுத்துதா?"

குங்கல் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கெழவா, ஒனக்கு மூள கெட்டுப்போச்சா?"

ஓத்மார் அசையவில்லை. நார்பர்ட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். "வாயத் தொறந்து சொல்லுடா. இது எத்தனாவது இன்னிங்ஸ்? ஒங்கம்மா பேரு என்ன?"

"எட்டு!" என்று அலறினான் நார்பர்ட். அழுதுவிட்டான். "எட்டாவது! எனக்கு ஒண்ணும் இல்ல! கடவுளே, எனக்கு ஒண்ணுமே இல்ல!"

அது உண்மைதான். அவனுக்கு ஒன்றுமே இல்லை. குளிர்ந்த காற்று, வேர்த்த சட்டை, கல்லுக்குண்டு மாதிரி உடம்பு. ஓத்மார் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், "நல்லது, போ" என்றார்.

எட்டாவது இன்னிங்ஸில் இரண்டாவதாக வந்தவன் பந்தை இடது பக்கம் தூக்கி அடித்தான். அது யார் கைக்கும் எட்டாமல் புல்லில் விழுந்தது.

எல்லாரும் எழுந்து நின்று ஏசிக் கூவ ஆரம்பித்தார்கள். அடித்தவனைப் பார்த்து அல்ல, எங்கள் டக்அவுட்டைப் பார்த்து. காகிதக் கோப்பைகள் பறந்தன, ஒரு செருப்பும் பறந்தது. குங்கல் அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஓத்மார் மைதானத்தின் ஓரமாக, கையில் அந்த ஈரத்துண்டோடு, வாசலை நோக்கி நடந்தார். அவசரப்படவில்லை. என் வரிசைக்குக் கீழே வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

இத்தனை பேரில் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அடுக்களையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனவர். ஆனால் ஏழு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, ஆறே பேர்தான் பாக்கி, எங்கள் ஊர்ப் பையன் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தை நான் மறைக்கப் போவதில்லை. அவர் என்னைப் பார்த்தபோது நானும் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, மற்றவர்களோடு சேர்ந்து கூவிக்கொண்டிருந்தேன்.